சோடா நீரை உலகுக்கு ஈந்த பிரீஸ்ட்லி

வீட்டுக்கு விருந்தினர் வந்தால் தேநீரோ சோடாவோ கொடுத்து உபசரிப்பது நமது நாட்டு வழக்கம். கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்துள்ள பேராதனை, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, திகன போன்ற இடங்களிலும் இவ்வழக்கத்துக்கு இன, மத பேதம் கிடையாது. தேயிலையை மலைநாட்டுக்குக் கொண்டுவந்தவர்களின் பெயர்கள் நமது பாடநூல்களில் உள்ளன. லூல்கந்தூர தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரைப் பாடசாலை மாணவரும் அறிவர். ஆனால், தேநீருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் சோடாவை முதன்முதலில் செய்துகாட்டியவர் யார் என்பதை நம்மில் மிகச் சிலரே அறிந்திருக்கிறோம். அவர் ஆலை முதலாளியோ வணிகரோ அல்லர். ஒரு சிறிய தேவாலயத்தின் போதகர். ஜோசப் பிரீஸ்ட்லி என்பது அவருடைய பெயர். ஒட்சிசனைக் கண்டறிந்தவர் என்று விஞ்ஞான பாடத்தில் நாம் படிப்பவரும் இவரே. இவரது வாழ்க்கையில் நாம் கற்க வேண்டியது விஞ்ஞானம் மட்டுமன்று என்பதாலேயே இதனை எழுத முற்பட்டோம்.

பிரீஸ்ட்லி 1733ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்தின் யோர்க்ஷயர் மாவட்டத்தில் லீட்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள பேர்ஸ்டல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை துணி மெருகிடும் தொழில் செய்தவர். சிறுவயதிலேயே தாயை இழந்த பிரீஸ்ட்லியை வசதி படைத்த அத்தை ஒருவர் எடுத்து வளர்த்தார். நோயாளியான அச்சிறுவனுக்குத் திக்குவாயும் இருந்தது. எனினும் இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளை இளமையிலேயே கற்றுத் தேர்ந்தார். பின்னர் அரபு மொழியையும் பயின்றார்.

அவருடைய குடும்பம் இங்கிலாந்தின் அரச திருச்சபையைச் சேராத கிறிஸ்தவக் குடும்பம். அத்தகையோருக்கு அக்காலத்தில் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெறும் உரிமை இருக்கவில்லை. அரச பதவிகளுக்கும் சட்டம் தடை விதித்திருந்தது. ஒரே மொழி பேசி, ஒரே வேதத்தை ஓதிய மக்களிடையேதான் இந்த வேறுபாடு நிலவியது. ஆகவே, தமது சமூகத்தினர் தாமாகவே நடத்திவந்த டெவன்ட்ரி கல்விக்கூடத்தில் 1752ஆம் ஆண்டு சேர்ந்து கற்றார். அங்கே எந்த விடயத்தையும் இரு பக்கமும் நின்று விவாதிக்கப் பழக்கினார்கள். அந்தப் பழக்கம் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. அதுவே அவருக்குப் பகைவரையும் தேடிக்கொடுத்தது.

போதகராகவும் ஆசிரியராகவும் சில ஊர்களில் பணியாற்றியபின் 1761இல் வொரிங்டன் கல்விக்கூடத்தில் ஆசிரியரானார். 1762இல் மேரி வில்கின்சனை மணந்தார். இலண்டனில் பெஞ்சமின் பிராங்ளினின் நட்புக் கிடைத்தது. அந்த ஊக்கத்தினால் அவர் எழுதிய மின்னியல் வரலாற்று நூல் 1767இல் வெளியாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே றோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டிருந்தார். இவ்வளவுக்கும் இரசாயனவியலில் அவர் அதுவரை பெரிதாக எதையும் செய்திருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அவரை இரசாயனவியலுக்கு இழுத்து வந்தது ஒரு பியர் ஆலை. 1767இல் லீட்ஸ் நகரின் மில் ஹில் தேவாலயத்துக்குப் போதகராக வந்தவர், ஓர் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியேற நேர்ந்தது. ஆலையின் தொட்டிகளில் தானியக் கரைசல் நொதிக்கும்போது மேற்பரப்பில் ஒருவகை வளி படிந்து நிற்பதை அவர் கவனித்தார். எரியும் குச்சியை அதனுள் நீட்டினால் அணைந்தது. அணைந்த குச்சியின் புகை அந்த வளியோடு சேர்ந்து தொட்டியின் விளிம்பு வழியாகக் கீழ்நோக்கி வழிந்தது. சாதாரண வளியைவிட அது பாரமானது என்பது இதனால் தெளிவாயிற்று. ஸ்கொட்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக் 1750களில் ஆராய்ந்து, நிலைத்த வளி எனப் பெயரிட்டிருந்த வளியே அது. இன்று நாம் அதனைக் காபனீரொட்சைட்டு என்கிறோம்.

பிரீஸ்ட்லி இரண்டு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு தொட்டியின் மேற்பரப்புக்கு அருகே பிடித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீரை மாறிமாறி ஊற்றினார். சில நிமிடங்களிலேயே தண்ணீர் நாவில் குறுகுறுக்கும் புளிப்புச் சுவையைப் பெற்றது. ஐரோப்பியச் செல்வந்தர்கள் ஜேர்மனியின் இயற்கை ஊற்றுகளிலிருந்து பெரும் பணம் கொடுத்து வரவழைத்த நுரைக்கும் நீருக்கு அது நிகராக இருந்தது.

இதன்பின் நடந்ததே நமது கவனத்துக்குரியது. பிரீஸ்ட்லி அவ்வீட்டை விட்டு வேறு வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். பக்கத்தில் ஆலை இல்லை. வளி வேண்டுமானால் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டிய நிலை. ஒரு போத்தலில் சுண்ணக்கட்டித் தூளையும் நீரையும் இட்டு, அதன்மேல் சல்பூரிக்கமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டார். பொங்கிவந்த வளியைப் பன்றியின் சிறுநீர்ப்பை ஒன்றில் சேகரித்து, அங்கிருந்து ஒரு குழாய் வழியாகக் கவிழ்த்து வைத்த தண்ணீர்ப் போத்தலினுள் செலுத்திக் குலுக்கினார். வீட்டிலேயே சோடா தயாரிக்கும் முறை இவ்வாறுதான் பிறந்தது. சுவீடன் நாட்டு அறிஞர் டோர்பேர்ன் பேர்க்மனும் ஏறத்தாழ அதே காலத்தில் தனியாக இதுபோன்றதொரு முறையைக் கண்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கண்டி வாசகருக்கு இந்த இரசாயனம் அந்நியமானதன்று. திகனயிலும் மாத்தளைப் பக்கத்திலும் வெட்டியெடுக்கப்படும் டொலமைட், சலவைக்கல் ஆகியன பிரீஸ்ட்லியின் சுண்ணக்கட்டியைப் போன்றே காபனேற்றுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மாத்தளைச் சுண்ணாம்புச் சூளைகளில் கல் வேகும்போது வெளியேறுவதும் இதே வளியே. வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பை நீரில் கரைத்துத் தெளியவைத்து, அதனுள் குழாயால் ஊதினால் நீர் பால்நிறமாகும். சாதாரண தர மாணவர்கள் செய்யும் இச்சோதனை, நமது மூச்சிலும் அந்த வளி உள்ளதைக் காட்டுவதாகும்.

1772ஆம் ஆண்டு பிரீஸ்ட்லி தமது முறையைப் படத்துடன் விளக்கி ஒரு சிறு நூலாக வெளியிட்டார். எவரும் வாசித்துத் தம் வீட்டில் செய்துபார்க்கக் கூடியதாக அதனை எழுதியிருந்தார். நெடுங்கடற் பயணங்களில் மாலுமிகளைக் கொன்றுகொண்டிருந்த ஸ்கேவி நோய்க்கு இந்த நீர் மருந்தாகும் என்று அவர் நம்பினார். பிரித்தானியக் கடற்படைத் தலைமையும் அந்த நம்பிக்கையை ஏற்றது. கப்டன் குக்கின் இரண்டாவது பயணம் அதே 1772இல் தொடங்கியபோது சோடா தயாரிக்கும் சாதனமும் கப்பலில் ஏற்றப்பட்டது. றோயல் சங்கம் தனது உயர்ந்த விருதான கொப்லி பதக்கத்தை அவருக்கு வழங்கியது.

நம்பிக்கை தவறானது. ஸ்கேவி, விற்றமின் சி குறைபாட்டினால் வருவது. காபனீரொட்சைட்டு அதற்கு எதையும் செய்யாது. தோடம்பழமும் எலுமிச்சையும் அந்நோயைத் தீர்க்கும் என்பதை ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை வைத்தியர் 1747இலேயே சோதித்துக் காட்டியிருந்தார். கடற்படை அதனை முறையாக ஏற்க 1795 வரை காலம் பிடித்தது. நாம் அருந்தும் தேசிக்காய்ச் சோடாவில் மருந்து தேசிக்காயிலும், மகிழ்ச்சி சோடாவிலும் உள்ளன எனலாம்.

ஆயினும் பிரீஸ்ட்லியின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. அவர் தமது கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. அதிலிருந்து பொருள் ஈட்டவும் முயலவில்லை. ஜெனீவாவில் நகைத்தொழில் செய்துவந்த ஜேக்கப் ஸ்வெப் என்பவர் 1783இல் அதனை வணிகமாக்கினார். 1792இல் இலண்டனில் தொழிற்சாலை திறந்தார். அவர் பெயரால் இன்றும் பானம் விற்பனையாகிறது. சோடா உப்புச் சேர்த்து விற்கப்பட்டதாலேயே சோடா நீர் என்ற பெயர் நிலைத்தது. ஹிராம் கொட் என்ற ஆங்கிலேயர் 1872இல் உருவாக்கிய, கழுத்தில் கண்ணாடிக் கோலி அடைத்த போத்தல் தமிழகத்தில் கோலிச் சோடாவாகிப் புகழ்பெற்றது. இலங்கையில் யானைச் சின்னச் சோடாவின் மூலமான நிறுவனம் 1866இல் கொழும்பில் ஐஸ் கம்பனியாகத் தொடங்கப்பட்டது. இவ்வளவு பெரிய வணிகத்துக்கு வித்திட்டவர் அதிலிருந்து ஒரு சதமேனும் பெறவில்லை.

காப்புரிமை இல்லாத அந்த முறை இன்றும் எவரும் வீட்டில் கையாளக் கூடியது. அடிப்படையாக அறிய வேண்டியவை இரண்டே. நீர் குளிர்ந்திருந்தால் வளி அதிகம் கரையும். அமுக்கம் கூடினாலும் அதிகம் கரையும். சாதாரண அமுக்கத்தில் 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையுள்ள ஒரு லீற்றர் நீர் சுமார் ஒன்றரைக் கிராம் காபனீரொட்சைட்டையே கரைக்கும். உறைநிலையை அண்மித்த நீர் அதைப்போல் இரு மடங்கைக் கரைக்கும். கடைச் சோடாவில் ஆறு முதல் எட்டுக் கிராம் வரை இருப்பதற்கு, அமுக்கம் கொடுத்து அடைப்பதே காரணம். வீட்டுக்கென விற்கப்படும் சோடா இயந்திரங்களும் சிறு உருளையில் அடைத்த வளியை அமுக்கத்துடன் குளிர்நீரில் செலுத்துகின்றன.

இயந்திரம் இல்லாதோர் தேசிக்காய்ச் சாற்றில் அப்பச்சோடாவை இட்டு அருந்துவதுண்டு. அதில் நுரை பொங்குமேயன்றி வளியின் பெரும்பகுதி காற்றில் போய்விடும். சோடியம் உப்பும் நீரிலேயே தங்கிவிடும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதனை வழக்கமாக்குதல் நன்றன்று. பிரீஸ்ட்லி செய்ததைப்போல் ஒரு பாத்திரத்தில் வளியை உண்டாக்கி, குழாய் வழியாக மற்றொன்றிலுள்ள குளிர்நீரில் செலுத்துவதே சரியான வழி. அதற்கு அவருடைய கடுமையான அமிலம் வேண்டியதில்லை. அப்பச்சோடாவும் வினாகிரியும் போதும்.

இஞ்சி, சீனி, தேசிக்காய் ஆகியவற்றோடு மதுவம் எனப்படும் ஈஸ்ட்டைச் சிறிது சேர்த்து, நொதிக்கவைத்துச் செய்யும் இஞ்சிப் பானம் மற்றொரு வழி. லீட்ஸ் ஆலைத் தொட்டியில் நடந்ததும் இதுவே. ஆனால், கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி வைத்தால் அமுக்கம் மிகுந்து வெடித்துக் காயம் விளைவிக்கும். மென்பானம் வந்த பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி, அது கல்லைப்போல் இறுகியதும் தாமதியாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். நமது நாட்டில் மென்பானங்களின் சீனி அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களால் காட்டும் விதி 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. வீட்டில் சோடா தயாரிப்போரிடம் சீனிக் கரண்டி தம் கையிலேயே இருக்கிறது.

லீட்ஸ் நகரில் இருந்த காலத்திலேயே பிரீஸ்ட்லி இன்னொரு பெரிய உண்மையையும் கண்டார். 1771 ஆகஸ்டில், மெழுகுவர்த்தி எரிந்து அணைந்துபோன வளியினுள் ஒரு புதினாக் கிளையை வைத்தார். பத்து நாட்களின் பின் அதே வளியில் மெழுகுவர்த்தி மீண்டும் எரிந்தது. உயிர்களும் நெருப்பும் கெடுக்கும் வளியைத் தாவரங்கள் திருத்துகின்றன என்பதை மனிதகுலம் அறிந்துகொள்ள அது வழிவகுத்தது. பேராதனைப் பூங்காவின் மரநிழலில் நின்று நாம் விடும் மூச்சுக்கும் அங்குள்ள மரங்களுக்கும் உள்ள உறவு அந்தப் புதினாக் கிளையினால் வெளிப்பட்டதே.

1773இல் ஷெல்பேர்ன் பிரபுவின் நூலகராகப் பணியேற்றார். 1774 ஆகஸ்ட் முதலாம் திகதி, பாதரசத்திலிருந்து பெறப்படும் செந்நிறப் பொடியை உருப்பெருக்கு வில்லையால் குவித்த வெயிலில் சூடாக்கி ஒரு புதிய வளியைப் பெற்றார். அதில் சுடர் மிகப் பிரகாசமாக எரிந்தது. சுவீடனின் ஷீலே அதனை முன்னரே பெற்றிருந்தும் 1777 வரை நூலாக வெளியிடவில்லை. பிரான்சின் லவோசியர் அதற்கு ஒட்சிசன் என்று பெயரிட்டு, எரிதல் பற்றிய புதிய கொள்கையை நிறுவினார். பிரீஸ்ட்லியோ பழைய கொள்கையைச் சாகும்வரை கைவிடவில்லை. தாமே கண்டெடுத்ததன் முழுப் பொருளை அவர் ஏற்க மறுத்தது அவருடைய குறை. எனினும் தமது சோதனைகள் அனைத்தையும், தவறியவை உட்பட, அவர் மறைக்காமல் எழுதி வெளியிட்டதாலேயே மற்றவர்கள் அவரைக் கடந்து செல்ல முடிந்தது.

1780இல் பேர்மிங்ஹாம் நகருக்குப் போதகராக வந்தார். நீராவி இயந்திரத்தின் ஜேம்ஸ் வாட், சார்ள்ஸ் டார்வினின் பாட்டனார் எராஸ்மஸ் டார்வின் போன்றோர் கூடிய சந்திரச் சங்கத்தில் இணைந்தார். அவருடைய வாழ்வின் மகிழ்ச்சியான காலம் இதுவே. அதேவேளை, திரித்துவக் கோட்பாட்டை மறுத்தும், அரச திருச்சபையைச் சேராதோருக்குச் சம உரிமை கோரியும் அவர் தொடர்ந்து எழுதினார். 1787, 1789, 1790 ஆகிய ஆண்டுகளில் அக்கோரிக்கை பாராளுமன்றத்தில் தோற்றது. பிரான்சியப் புரட்சியையும் அவர் வரவேற்றார். அரசனுக்கும் மதத்துக்கும் துரோகி என்ற பட்டம் அவருக்குச் சூட்டப்பட்டது. துண்டுப் பிரசுரங்களும் கேலிச் சித்திரங்களும் பெருகின.

1791 ஜூலை 14ஆம் திகதி, புரட்சியின் இரண்டாம் ஆண்டு நிறைவையொட்டி பேர்மிங்ஹாம் விடுதி ஒன்றில் விருந்து நடைபெற்றது. பிரீஸ்ட்லி அதற்குச் செல்லவில்லை. இருந்தும், விடுதியின் ஜன்னல்களை உடைத்த கும்பல் அவரது ஆராதனை மண்டபத்துக்குத் தீயிட்டது. மற்றொரு மண்டபத்தையும் அழித்தபின் அவருடைய வீட்டை நோக்கிச் சென்றது. பிரீஸ்ட்லியும் மனைவியும் சற்று முன்னர்தான் தப்பியிருந்தனர். நூலகமும், ஆய்வுகூடமும், பல ஆண்டுகளாக எழுதிவைத்த கையெழுத்துப் பிரதிகளும் நாசமாயின. அவருடைய மின்பொறியிலிருந்தே நெருப்பை உண்டாக்கவும் கும்பல் முயன்றதாம். கலவரம் மூன்று நாட்கள் நீடித்தது. உள்ளூர் நீதவான்கள் கண்டும் காணாதிருந்தனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இராணுவம் வந்த பின்னரே அமைதி திரும்பியது. தண்டனை பெற்றவர்கள் மிகச் சிலரே. இழப்பீடு வழங்கப்பட்டது. அது அவர் கோரியதைவிடக் குறைவானது.

அந்த ஆண்டுகளில் கண்டி, மதுரையிலிருந்து வந்த நாயக்கர் மரபினரான ராஜாதி ராஜசிங்க மன்னரின் ஆட்சியில் சுதந்திர இராச்சியமாக விளங்கியது. அரச பீடத்தில் இருந்தவரின் சமயப் பின்னணியும் குடிமக்களின் சமயமும் வேறாயிருந்தும் அங்கே அரசு நடந்தது. நாகரிகத்தின் உச்சியில் நிற்பதாக எண்ணிய இங்கிலாந்திலோ, ஒரே மதத்தின் இரு பிரிவினர் ஒன்றாக வாழ இயலாதிருந்தது. இந்த ஒப்பீடு நமது பழம்பெருமையைப் பேசுவதற்காக அன்று. பின்னர் நாம் எதை இழந்தோம் என்பதை எண்ணிப் பார்ப்பதற்காகவே.

இலண்டனிலும் பிரீஸ்ட்லிக்கு நிம்மதி கிடைக்கவில்லை. றோயல் சங்கத்து நண்பர்களில் பலர் அவரைத் தவிர்த்தனர். 1794 ஏப்ரலில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவர் நடுக்கடலில் இருந்தபோது, மே 8ஆம் திகதி, பாரிசில் லவோசியரின் தலை கொய்யப்பட்டது. ஒருவரது வீட்டை அரசனின் பெயரால் எரித்தார்கள். மற்றவரது உயிரை மக்களின் பெயரால் பறித்தார்கள். வெறிக்கு எந்தக் கொடியும் போதுமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பென்சில்வேனியாவின் நோர்தம்பர்லாண்ட் என்ற சிற்றூரில் மீண்டும் ஓர் ஆய்வுகூடம் அமைத்தார். 1795இல் இளைய மகனையும் 1796இல் மனைவியையும் இழந்தார். ஆயினும் ஆய்வும் எழுத்தும் நிற்கவில்லை. 1804 பெப்ரவரி 6ஆம் திகதி தமது 70ஆவது வயதில் காலமானார். ஒட்சிசன் கண்டறியப்பட்டதன் நூற்றாண்டைக் கொண்டாட 1874இல் அவ்வூரில் கூடிய இரசாயனவியலாளர்களின் எண்ணத்திலிருந்தே அமெரிக்க இரசாயனச் சங்கம் 1876இல் உருவாயிற்று.

இவ்வரலாற்றை நாம் தூரதேசத்துச் செய்தியாகப் படிக்க இயலாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97 ஆயிரம் நூல்கள் சாம்பலாயின. 1983 ஜூலையில் கண்டியிலும் தமிழரின் கடைகள் தீக்கிரையாயின. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டு, நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. பேர்மிங்ஹாமில் நடந்தவற்றைப் படிக்கும்போது வதந்தி, துண்டுப் பிரசுரம், கும்பல், பாராமுகம், தாமதமாக வரும் படை, குறைவாகக் கிடைக்கும் இழப்பீடு என ஒவ்வொரு படியும் நமக்குப் பழக்கப்பட்டதாகவே தோன்றுகிறது. துண்டுப் பிரசுரத்தின் இடத்தைக் கைத்தொலைபேசி எடுத்துக்கொண்டது ஒன்றே மாற்றம்.

பிரீஸ்ட்லியின் ஆய்வுகூடத்தை எரித்தவர்களால் அவருடைய சோடாவை எரிக்க முடியவில்லை. அதன் செய்முறை 19 ஆண்டுகளுக்கு முன்னரே அச்சேறி, பலருடைய கைகளுக்குப் போய்விட்டது. ஆனால், அன்று எரிந்த கையெழுத்துப் பிரதிகளில் இருந்தவை உலகுக்கு மீளவில்லை. யாழ்ப்பாணத்தில் எரிந்த ஏட்டுச்சுவடிகளின் நிலையும் அதுவே. அறிந்ததைப் பிறரோடு பகிர்ந்துவைப்பதும், அண்டை வீட்டார் வேறு தெய்வத்தை வணங்கினாலும் வேறு கருத்தைக் கொண்டாலும் அவர் வீட்டு வாசலில் கும்பல் கூடாதிருக்கப் பார்த்துக்கொள்வதும் நம் ஒவ்வொருவரின் கடமையாகும். திகனயில் உடைந்த கடைகள் பல மீண்டும் திறக்கப்பட்டுவிட்டன. அங்கே சோடா வாங்க எல்லா இனத்தவரும் வருகின்றனர். அந்த வருகை இனியும் தடைப்படாதிருக்க வேண்டுமென்பதே நமது விருப்பம்.